மொட்டைக் கடிதமாக வரும் பாசிட்ரான்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலம், நலமறிய ஆவல். "விண்வெளியிலிருந்து பாசிட்ரான்கள் கணக்குக்கு மேல் வருகின்றன என்றால் கரும்பொருள் இருப்பது உறுதிதானே, அப்பா?" என்று ஞாயிறன்று தொலைபேசியில் கேட்டாய். அவசரத்தில் ஆமாம் என்றுவிட்டேன். முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

பாசிட்ரான் என்பது நேர்மின்னூட்டம் கொண்ட, எலக்ட்ரானின் எதிர்த்துகள். கரும்பொருள் என்பது ஒளி விடாமல், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள்; அது எதனால் ஆனது என்று இன்னும் தெரியாது. கரும்பொருள் துகள்கள் இரண்டு மோதி அழிந்தால் எலக்ட்ரானும் பாசிட்ரானும் சரிசமமாகப் பிறக்கலாம் என்பது ஒரு கணிப்பு. விண்வெளியில் எலக்ட்ரான்கள் ஏராளமாக இருப்பதால், அரிதான பாசிட்ரான்களிடையேதான் சிறு மிகுதியும் கண்ணில் படும். அண்டக் கதிர்கள் (விண்வெளியில் பெருவேகத்தில் பறக்கும் துகள்கள்) விண்மீனிடை வாயுவில் மோதியும் பாசிட்ரான்கள் உண்டாகின்றன; ஆனால் எலக்ட்ரான்களோடு சேர்த்து எண்ணும்போது அவற்றின் பங்கு, ஆற்றல் கூடக் கூடக் குறைய வேண்டும். 2006-இல் ரஷ்யச் செயற்கைக்கோளில் ஏறிய பமேலா கருவியோ, 10 கிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) மேல் அந்தப் பங்கு ஏறுவதைக் காட்டியது. 2011-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட, சாமுவேல் டிங் தலைமையிலான ஏ.எம்.எஸ். கருவி அதை உறுதிசெய்ததோடு, ஏறத்தாழ 284 கிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் பாசிட்ரான் வரத்து சரிவதையும் கண்டது.

பாசிட்ரானை இனங்காண்பது எப்படி? ஏ.எம்.எஸ். கருவியிலுள்ள காந்தம் எலக்ட்ரானை ஒரு பக்கமும் பாசிட்ரானை மறுபக்கமும் வளைக்கும். தொல்லை புரோட்டானால்தான்: அதுவும் பாசிட்ரானைப் போலவே வளையும், எண்ணிக்கையிலும் ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதி. அதனால் ஈயமும் ஒளிரும் இழைகளும் அடுக்கிய பகுதியொன்று கருவியின் அடியில் இருக்கிறது. பாசிட்ரான் அங்கே சிறு துகள்களின் பொழிவாக உடைந்து தன் ஆற்றல் முழுவதையும் கொட்டிவிடும், புரோட்டான் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. (1932-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டதும் 6 மில்லிமீட்டர் ஈயத் தகட்டின் தயவால்தான். தகட்டைக் கடந்த பின் தடம் கூடுதலாக வளைந்திருந்ததால் துகள் போன திசை தெரிந்தது, திசையிலிருந்து மின்னூட்டம் தெரிந்தது.)

ஆக, மிகுதி உண்மை. அனுப்பியது யார் என்பதுதான் வழக்கு. பால்வெளியின் காந்தப்புலங்களில் அலைக்கழிந்து வந்து சேரும் பாசிட்ரான், முகவரி இல்லாத மொட்டைக் கடிதம். ஜெமிங்கா போன்ற அருகிலுள்ள பல்சர்களும் (வேகமாகச் சுழலும், இறந்த விண்மீன்களின் எச்சங்கள்) அதை எழுதியிருக்கலாம். 2017-இல் மெக்சிகோவின் ஹாக் ஆய்வகம், ஜெமிங்காவைச் சுற்றிப் பாசிட்ரான்கள் மெதுவாகவே பரவுகின்றன, அவை இங்கு வந்து சேர்வது அரிது என்றது. அதற்கும் மறுப்புகள் எழுந்தன. இருந்தும் நான் பல்சர் கட்சி. காரணம், கரும்பொருள்தான் என்றால் பெரும்பாலான மாதிரிகளின்படி எதிர்ப்புரோட்டான்களும் காமா கதிர்களும் கூடவே பெருகியிருக்க வேண்டும்.

குறைந்த ஆற்றலில் எதிர் டியூட்ரான் (எதிர்ப்புரோட்டானும் எதிர்நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு) ஒன்றிரண்டு அகப்பட்டால் என் கட்சி மாறும். சாதாரண மோதல்கள் அவற்றை அந்த ஆற்றலில் அநேகமாக உண்டாக்குவதே இல்லை. அப்படிச் செய்தி வந்தால், நள்ளிரவானாலும் எழுப்பிச் சொல்.

அன்புடன்,
அப்பா