பேட்டரியைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

கோத்தகிரி,
மார்கழி.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு உன் வீடு வந்து சேர்ந்துவிட்டாள் என்று அறிந்து இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. தையில் நல்ல செய்தி வரும் என்று காத்திருக்கிறோம். இந்த நேரத்தில் விடியற்காலையில் கார் செல்ஃப் எடுக்காமல் முனகுகிறது என்று நீ எழுதியிருப்பதால், மற்ற செய்திகளை அடுத்த கடிதத்துக்கு ஒதுக்கிவிட்டு அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தலைகுந்தாவின் உறைபனிதான் பேட்டரியைக் கெடுத்துவிட்டது என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன மாற்றம் மந்தமாகி, அது தரும் மின்சாரம் குறையும். அதே வேளையில் எஞ்சின் ஆயில் கெட்டியாவதால், எஞ்சினைச் சுற்ற அதிக மின்சாரம் தேவைப்படும். டீசல் வண்டிக்கு இது இன்னும் கடினம். ஆனால் உள்ளிருக்கும் ஈயப் பிளேட்டுகளை அரித்துத் தின்பது வெப்பம். நீ மலைக்குக் குடிவரும் முன் உன் கார் ஈரோட்டு வெயிலில் நான்கு கோடையைக் கண்டது. அங்கே ஏற்பட்ட தேய்மானம் சமவெளியில் இருந்தவரை தெரியாமல் இருந்து, இங்கே முதல் பனியிலேயே வெளிப்பட்டிருக்கிறது என்பதே என் எண்ணம்.

ஆனாலும் அளந்து பார்க்காமல் புதியதை வாங்கிவிடாதே. முதலில் பானெட்டைத் திறந்து டெர்மினல்களைப் பார். பிளஸ் முனையைச் சுற்றி நீலமும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தால், பேட்டரி நன்றாக இருந்தாலும் மின்சாரம் கேபிளுக்குச் சரியாகப் போகாது. மைனஸ் கேபிளை முதலில் கழற்றி, சோடா உப்பு கரைத்த வெந்நீரால் அந்தப் பொடியைக் கழுவித் துடைத்து, முனைகளை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டியபின் மேலே வாசலின் தடவிவிடு. மறுபடி மாட்டும்போது மைனஸ் கடைசியில் வர வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்க விடாதே.

அதன்பின் வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் சாவியைத் தொடும் முன் மல்டிமீட்டரால் அளந்து பார். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அதைவிடக் குறைவாக இருந்தால் பழுது அங்கே இருக்கிறது. அப்போது புது பேட்டரி போட்டாலும் அதுவும் விரைவில் இறங்கிப்போகும். தலைகுந்தாவிலிருந்து உதகை மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் சிறு ஓட்டத்தில், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட முழுதாகத் திரும்ப ஏறாமல் போகலாம் என்பதையும் மனத்தில் வை. பேட்டரியைக் கழற்றி, ஓர் இரவு முழுவதும் சார்ஜரில் போட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்வதே நியாயம்.

பேட்டரியின் மேல் சார்ஜ் நிலையைக் காட்டும் பச்சைக் கண் இன்னும் தெரிகிறது, ஆகவே பேட்டரி நல்லதுதான் என்று எழுதியிருந்தாய். உள்ளே செல் எனப்படும் தனித்தனி அறைகள் ஆறு இருக்கின்றன. அந்தக் கண் பார்ப்பது அவற்றில் ஒன்றை மட்டுமே. உன்னுடையதில் மூடிகளைத் திறக்க முடியும் என்பதால், ஆசிட்டின் அடர்த்தியை மிதவையால் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 1.265-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். எல்லாமே ஒரே அளவில் குறைந்திருந்தால் மீண்டும் சார்ஜ் செய்து பார்க்கலாம். ஐந்து செல்கள் சரியாக இருந்து, ஒன்றில் மட்டும் மிதவை 0.050-க்கு மேல் தாழ்ந்து நின்றால் அந்தச் செல் போய்விட்டது; ஆசிட் ஊற்றினாலும் மீளாது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்று.

செல்லை மாற்றித் தருகிறேன் என்று உங்கள் ஊரில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். தார் ஊற்றி மூடிய பழைய ரப்பர் பெட்டி பேட்டரிகளில் அந்த வேலையை உண்மையாகவே செய்து தந்தார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைச் சூட்டில் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அதை அறுத்துத் திறந்து மறுபடி மூடினால் ஆசிட் கசியாது என்று நம்பி, மலைச்சாலையில் குலுங்கும் வண்டியில் அதை வைக்க நான் துணிய மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் வண்டியை நிறுத்தி, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்துகொள்கிறேன் என்று நீ எழுதியது எனக்குக் கவலையாக இருக்கிறது. மலையில் நாம் எல்லோரும் செய்வதுதான் என்றாலும், எஞ்சின் ஓடாதபோது பிரேக்கை ஓரிரு முறை மிதித்ததுமே அது கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் உதவாது. பனியில் நனைந்த இறக்கத்தில், நிறைமாதக் கர்ப்பிணியை உட்காரவைத்துக்கொண்டு அதைச் செய்யாதே.

வேறொரு வருடமாக இருந்தால், அளவுகள் ஓரளவு தேறினாலே இந்தப் பனிக்காலத்தை ஓட்டிவிடு என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் இந்தத் தையில் நள்ளிரவில் அந்தக் கார் கிளம்பியே ஆக வேண்டும். ஆகவே சார்ஜ் போட்டபின்னும் ஒரு செல் தாழ்ந்திருந்தாலோ, ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தாலோ, யோசிக்காமல் மாற்றிவிடு. கடையில் பெட்டியின் மேல் பொறித்திருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பார்த்து, அலமாரியில் நெடுநாள் கிடந்ததைத் தவிர்த்துவிடு. வாரண்டி அட்டையில் தேதியையும் முத்திரையையும் கேட்டு வாங்கு. பழையதைக் கடையிலேயே கொடு, விலையில் கழித்துக்கொள்வார்கள். ஈயமும் ஆசிட்டும் நம் ஓடைகளில் கலக்கக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் அதை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்கச் சொல்கின்றன.

ஆறு செல்களின் அளவையும் குறித்து எனக்கு எழுது, அல்லது போனில் சொல். என்னிடம் சார்ஜர் இருக்கிறது. வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்