மழைப் பதிவேடு ஒன்று போதும்

வன்னி வலயக் கல்விப் பணிமனைகளின் ஆரம்பக்கல்விப் பிரிவினருக்கு,

வணக்கம். தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைகள் மாரி மழையை அளந்து எழுதினால் கணிதம், சுற்றாடல், தமிழ் மூன்றும் ஒரே வேலையில் நடந்துவிடும். ஆனால் மேற்பார்வையின்போது பாடத்துக்கொரு கோவை கேட்கப்படுவதால் ஆசிரியர்கள் இதைத் தொடத் தயங்குகிறார்கள். வகுப்புக்கு ஒரே மழைப் பதிவேடு, அதுவே மூன்று பாடத்தின் கணிப்பீட்டுக்கும் சான்று என்று அறிவித்துவிடுங்கள்.

மழைமானிக்கு 1.5 லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று போதும். இடுப்பு ஒடுங்கின போத்தல் சரிவராது. பக்கம் நேராக இருக்க வேண்டும். தோள் வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாகச் செருகுங்கள். அடியில் மேடுபள்ளம் இருப்பதால் சிறு கற்களைப் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தில் 0 குறியுங்கள். அங்கிருந்து மில்லிமீற்றர் கோடுகள். கல் தண்ணீருக்கு மேலே தலைகாட்டினால் அளவு பிழைக்கும். வெயிலில் தண்ணீர் வற்றும், ஆகவே ஒவ்வொரு நாளும் அளந்த பிறகு 0 வரை சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான வகுப்புகள் கோட்டைவிடுவது இதில்தான். போத்தலை மண் நிரப்பிய வாளிக்குள் இறுக்கி, மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ அதன் இரு மடங்கு தூரத்தில் வைக்கலாம். வாய் நிலத்திலிருந்து ஓரடிக்கு மேலே நின்றால் தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகாது.

வானிலை அவதான நிலையங்களைப் போலக் காலை 8.30க்கு அளக்கட்டும். கண் தண்ணீர் மட்டத்துக்கு நேரே இருக்க வேண்டும். நின்றபடி குனிந்து பார்க்கும் பிள்ளை பிழையான கோட்டைத்தான் வாசிக்கும். திங்கட்கிழமை அளவு மூன்று நாள் மழையின் கூட்டுத்தொகை. அதைத் திங்களின் கட்டத்துக்குள் போட்டால் சலாகை வரைபில் திங்களில் மட்டும் மழை கொட்டியதாகத் தெரியும். போத்தல் நிரம்பியிருந்தால் இலக்கம் எழுதாமல் ‘நிரம்பி வழிந்தது’ என்று எழுதப் பழக்குங்கள். தெரியாத அளவை ஊகித்து எழுதாதிருப்பதும் கணிதப் பாடந்தான்.

தரம் 5க்கு இன்னொரு படி இருக்கிறது. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். 5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலமான கூரையில் 10 மில்லிமீற்றர் பெய்தால் 200 லீற்றர், அதாவது பெரிய பரல் ஒன்று நிறைய. சரிந்த ஓட்டுப் பரப்பை அளக்கக் கூடாது. கூரை மூடும் நிலத்தின் நீள அகலமே கணக்கு. புலமைப்பரிசில் வினாத்தாளில் பரப்பளவுக் கேள்வியைக் கண்டு திகைக்கிற பிள்ளைக்கு இதுவே பயிற்சி.

தமிழுக்குத் தரம் 3 பிள்ளை அன்றைய மழையை ஒரு வசனத்தில் எழுதினால் போதும். தரம் 5 பிள்ளை பதிவேட்டை வைத்துக்கொண்டு, குளம் எப்போது வான் பாய்ந்தது, துருசை (குளத்து மதகை) எப்போது திறந்தார்கள், காலபோக (மாரிப் போக) வயல் எந்த மழையில் மூழ்கியது என்று ஊரில் கேட்டு ஒரு பந்தி எழுதலாம். சமயபாடத்தை இதற்குள் வலிந்து இழுக்கத் தேவையில்லை.

ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துப் பார்க்கும் சிறிய பள்ளிக்கூடங்களுக்கே இது கூடுதலாக உதவும்: போத்தல் ஒன்று, வேலை தரத்துக்குத் தரம் வேறு. நாங்கள் காசு கேட்கவில்லை. மூன்றாம் தவணை தொடங்குமுன் பாடசாலைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மேற்பார்வைப் படிவத்திலும் அந்தப் பதிவேட்டுக்கு ஒரு நிரல் சேருங்கள்.

இப்படிக்கு,
வன்னியின் ஆரம்பக்கல்வி ஆசிரியர் சிலர்