ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, காலிலும் ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாரமலரின் மருத்துவப் பத்தியில் கடந்த மாதம் ஒரு பிள்ளையின் கை திடீரென்று இயங்காமற்போன கதை வந்திருந்தது. "பரிசோதனைகளில் எதுவும் தெரியவில்லை, எனவே இது மனம் நடத்தும் நாடகம்" என்று அதை முடித்திருந்தார்கள். அந்த "எனவே"யோடுதான் எனக்கு வழக்கு. 31 வருடம் தமிழ் மொழிமூலம் உயிரியல் படிப்பித்தவள் நான். விடைத்தாளில் ஒரு பிள்ளை இப்படியொரு "எனவே" எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் சுழித்துவிட்டிருப்பேன்.

வழக்குக்குக் காரணம் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பேத்திக்கு 15 வயது. கடந்த வருடம் மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு முதல் கிழமை, விடிய ஐந்தரைக்கு என்னை எழுப்பினாள்.

"அம்மம்மா, கால் இல்லை."

"இருக்குது பிள்ளை, பாரன்."

"இருக்குது. ஆனா இல்லை."

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை (அதைப்பற்றி எழுதப் புறப்பட்டால் இன்னொரு கடிதம் வேண்டும்). கீழ்க்கடைத் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் அவளைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, திருப்பத்துக்குத் திருப்பம் இளைப்பாறி இறக்கினார்கள்.

முதற்போன வைத்தியசாலையில் இரண்டு நாள் வாட்டில் வைத்திருந்து ஸ்கேன், இரத்தம், மூளையின் மின்னலைகளைப் பதியும் இஈஜி எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நோர்மல். அங்கே எங்களுக்குத் தமிழில் கிடைத்த ஒரே விளக்கம், "ஒன்றுமில்லை, எக்ஸாமுக்குப் பயம்" என்பதுதான். ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு, நடக்க முடியாத பிள்ளையோடு வீட்டுக்கு வந்தோம். பிறகு சொந்தக்காரர் வந்தார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். நூல் கட்டச் சொன்னார் இன்னொருவர். "பெரிய பிள்ளையாகிவிட்டாள், ஒரு கலியாணம் ஆனால் எல்லாம் சரிவரும்" என்றாள் என் வயதை ஒத்த ஒருத்தி. 15 வயதுப் பிள்ளைக்கு!

அந்த மனுசியைக் குறை சொல்லியும் பயனில்லை. இப்படியான நோய்க்கு முந்தி வைத்திருந்த ஹிஸ்டீரியா என்ற பெயரே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து நரம்பியல் வைத்தியர் சார்க்கோவும் அதற்குப் பிறகு உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டும் எழுதிவைத்ததன் மிச்சம்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடிக்கிறது.

இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் வைத்தியர் சிங்களவர், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். பேத்தியைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, என் கையைப் பிடித்து அவளுடைய வலது குதிக்காலுக்குக் கீழே வைத்தார். "துவ (சிங்களத்தில் மகள்), அம்மம்மாவின் கையை அழுத்துங்கோ" என்றார். காற்றுப் பட்டதுபோலத்தான் இருந்தது, பாரமே இல்லை. அவளுக்கு முகம் வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு வலது காலை மறந்துவிடச் சொல்லி, இடது காலை மட்டும் மேலே தூக்கச் சொன்னார், அந்தக் காலைத் தன் கையால் தடுத்துக்கொண்டு. அவள் தூக்க, என் உள்ளங்கையின்மேல் அந்த வலது குதி இறங்கியது. விரல் மொளி மெத்தையில் புதைந்தது. செத்துக் கிடந்த கால் என்று நான் இரண்டு கிழமை அழுத கால்.

இதற்கு ஹூவர் அடையாளம் என்று பெயர். 1908இல் ஓர் அமெரிக்க வைத்தியர் விவரித்தது. ஒரு காலைத் தூக்கும்போது மற்றக் கால் தானாகவே கீழே ஊன்றும், அது நாங்கள் நினைத்துச் செய்வதில்லை. நரம்புப் பாதை அறுந்திருந்தால் அந்தத் தானியங்கு ஊன்றலும் வராது. பாதை இருக்கிறது, வேண்டுமென்று அனுப்பும் கட்டளைதான் போய்ச் சேரவில்லை. ஆகவே "எதுவும் தெரியவில்லை" என்பது பிழை. தெரிகிறது, கையை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவதற்கு வைக்கும் பெயரல்ல இது, நேரடி அடையாளம் கண்டு சொல்லும் நோய்.

பங்ஷனல் நியூரோலொஜிக்கல் டிசோர்டர் என்று வைத்தியர் எழுதித் தந்தார். எங்கள் பாடப்புத்தகத்தில் ஒவ்வோர் அங்கத்துக்கும் "கட்டமைப்பும் தொழிற்பாடும்" என்று இரண்டு தலைப்பு வரும். ஸ்கேன் பார்ப்பது முதலாவதை, கோளாறு இருப்பது இரண்டாவதில். தொழிற்பாட்டு நரம்பியல் கோளாறு என்று சொன்னால் சாதாரண தரம் படித்த எவருக்கும் விளங்கும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் உளநோய்களை இனங்காணும் தன் கைநூலைத் திருத்தியபோது, இந்த நோயைச் சொல்வதற்கு ஒரு மனத்தாக்கத்தைத் தேடிக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. மனத்தாக்கம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அப்படியென்றால் நடிப்பில்லையா என்று கேட்பவர்களுக்கு 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். தொழிற்பாட்டுக் கோளாறால் கைகால் நடுக்கம் உள்ளவர்களின் மூளையை, நடுக்கம் தானாக வரும்போது ஒரு தடவையும், அதே ஆட்கள் அதே நடுக்கத்தை வேண்டுமென்று செய்து காட்டும்போது ஒரு தடவையும் படம் பிடித்தார்கள். "இதை நான்தான் செய்கிறேன்" என்ற உணர்வோடு தொடர்புள்ள வலப்பக்கப் பகுதியொன்று, தானாக வந்த நடுக்கத்தில் குறைவாகவே வேலை செய்தது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே ஆட்டம். மூளைக்கு வேறு வேறு.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தொண்ணூறுகளில் காலைக் கூட்டத்தில் ஒரு மாணவி விழுந்து கைகால் அடித்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். வலிப்பென்றால் கண் திறந்திருக்கும் என்று எங்கோ கேட்டிருந்த அரைகுறை அறிவில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "நடிக்காதை, எழும்பு" என்று சத்தம் போட்டேன். நான் கண்டது சரியான அடையாளம், சொன்னது பிழையான பொருள். அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும்.

இனி நான் எழுத வந்த விசயம்.

அந்த வைத்தியர் காலைப் பார்த்து முடித்துவிட்டு, காலுக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். சின்ன வயதில் உடுப்பு, சாப்பாடு, சத்தம் எல்லாம் எப்படி? என் மகள் சொல்லச் சொல்ல எனக்கே புதிதாய் இருந்தது. சட்டைக் கழுத்து லேபிளை வெட்டாமல் ஒருநாளும் போடமாட்டாள். ஆடிவேல் ரதம் காலி வீதியால் வரும்போது தவிலுக்குப் பயந்து குளியலறையில் கதவைச் சாத்திக்கொள்வாள். கரையோர ரயில்களின் நேரம் முழுக்கப் பாடம். 1954இலிருந்து கனடா கொடுத்த எம் 2 எஞ்ஜின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று மாகாணப் பெயர் வைத்ததெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்போது தானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மேசைக்குக் கீழே ஒரு மணித்தியாலம் படுத்திருப்பாள். "அமைதியான பிள்ளை, கெட்டிக்காரி" என்று ஒவ்வொரு தவணை அறிக்கையிலும் வந்தது. நானும் ஆசிரியைதான், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து, வேறொரு குழு ஆறுதலாகப் பார்த்து, ஓட்டிசம் என்றது, புலனுணர்வும் மற்றவரோடு பழகும் விதமும் பிறவியிலிருந்தே வேறாக அமைந்திருக்கும் நிலை. (மதியிறுக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். அவளுடைய மதியில் ஓர் இறுக்கமும் இல்லை. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது.)

தொழிற்பாட்டுக் கோளாறும் ஓட்டிசமும் ஒரே ஆளில் சேர்ந்து வருவது தற்செயலா? உலக சுகாதார நிறுவனம் பல வருடமாகச் சொல்லிவந்த கணக்கு நூறு பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்பது. இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியான ஆய்விலும் ஏறத்தாழ அதே அளவுதான், 93இல் ஒருவர். இலண்டனில், வலிப்பைப் போலவே வந்து வலிப்பல்லாத தாக்கமுள்ள (அதுவும் தொழிற்பாட்டுக் கோளாறில் ஒரு வகைதான்) பிள்ளைகளைப் பார்த்து 2019இல் எழுதியவர்கள், ஏறத்தாழ 17 சதவீதத்தினருக்கு ஓட்டிசம் இருந்ததென்றார்கள். தொழிற்பாட்டுக் கோளாறு உள்ள பெரியவர்களிடம் கேட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், தமக்கு ஓட்டிசம் உறுதிசெய்யப்பட்டதாகச் சொன்னவர்கள் 8 சதவீதம், தாய் தகப்பன், சகோதரர், பிள்ளைகளில் ஒருவருக்கு இருப்பதாகச் சொன்னவர்கள் 24 சதவீதம். பிறகு அவுஸ்திரேலியக் குழுவொன்று முன்னைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் பத்திலொருவர் என்ற அளவு வந்தது. பிள்ளைகளில் அதைவிடக் கூட.

இந்தக் கணக்குகளையும் சிவப்புப் பேனையோடுதான் வாசிக்கவேண்டும். விசேட கிளினிக்குக்கு வந்தவர்களும் இணையத்தில் தாமாகப் படிவம் நிரப்பியவர்களும் ஊர் முழுதுக்கும் மாதிரியல்ல. ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று யாரும் நிறுவவுமில்லை. ஆனால் நூறில் ஒன்று எங்கே, பத்தில் ஒன்று எங்கே. கவனியாமல் விடுகிற வித்தியாசமில்லை.

காரணம் பற்றிப் பல ஊகங்கள். இருட்டில் படியிறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறதென்று காலை வைத்துத் தடுமாறுவோமே, மூளை எப்போதும் காலுக்கு முன்னால் ஓடி எதிர்பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது சாட்சி. தொழிற்பாட்டுக் கோளாறில் அந்த எதிர்பார்ப்பு மிஞ்சிப்போய், உடம்பு அனுப்பும் செய்தியை அமுக்கிவிடுகிறதாம். ஓட்டிசத்தில் எதிர்பார்ப்புக்கு மதிப்புக் குறைவு, ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு தொடுகையும் புதுசாகவே வந்து மோதுகிறது என்கிறார்கள் சிலர். ஒன்றுக்கொன்று நேரெதிரான விளக்கங்கள் போலத் தெரிகிறதா? எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆய்வாளர்களும் இதை இன்னும் முடித்துவைக்கவில்லை.

எனக்குக் கண்ணால் கண்டு விளங்கியது இன்னொன்று: உள்ளே நடப்பதைச் சொல்லாக்க முடியாத தன்மை. சித்திரை வெயிலிலும் உதடு வெடிக்கும்வரை பேத்திக்குத் தாகம் தெரியாது. பயமா என்று கேட்டால், "தெரியாது, வயிறு சத்தம் போடுது" என்பாள். பயம் பயமென்று தெரியாமல் வயிறாகவும் காலாகவும் வந்தால், அது நடிப்பா?

இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் வைத்தியம் பிடித்தது. முதல் பிசியோதெரபி அறையில் வானொலி அலறும், சொல்லாமல் கொள்ளாமல் முழங்காலைப் பிடிப்பார்கள். இரண்டு தரம் போய்வந்ததில் மற்றக் காலும் விழுந்தது. இப்போது போகுமிடத்தில் காலை ஏழரைக்கு, வேறொருவரும் வருமுன் எடுக்கிறார்கள். தொடுவதற்கு முதல் சொல்லிவிட்டுத் தொடுகிறார்கள். அன்றைக்குச் செய்யப்போகும் பயிற்சிகளை வரிசையாக ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். முன்னோக்கி நடக்கமுடியாத பிள்ளை பின்னோக்கி நடந்தாள். ரயில்வே நிலையங்களைக் கோட்டையிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள், தெகிவளை தாண்டும்போது முன்னோக்கியும் நடந்துகொண்டிருந்தாள். கவனம் காலைவிட்டு வேறிடம் போனால் கால் தன் வேலையைப் பார்க்கிறது.

பேச்சிலும் கவனம் வேண்டும். நல்ல மனதோடு ஓர் உளவளத்துணையாளர், "உங்கட மூளை உங்களை ஏமாத்துது" என்று சொல்லிவிட்டார். நான்கு நாள் பேத்தி சாப்பிடவில்லை. மூளை பொய் சொல்லுமென்றால் கணக்குச் செய்யும்போதும் சொல்லுமா, எதை நம்புவது என்று கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஓட்டிசம் உள்ளவர்களிடம் உண்மையான வலிப்பு நோயும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. இரண்டு வகைத் தாக்கமும் ஒரே பிள்ளைக்கு வருவதுண்டு. கண் மூடியிருந்தது, திறந்திருந்தது என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், நான் ஒருதரம் சொன்னது போதும். நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள். முடிந்தால் தாக்கம் வரும்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், அவர்களுக்கு உதவும்.

தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றென்று சட்டத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, ஸ்கேன் சரியென்றால் அதற்கு என்ன பொருள், அடுத்து யாரைப் பார்ப்பது என்று தமிழில் அரைப்பக்கத் துண்டொன்று கையில் தந்து வீட்டுக்கு அனுப்பமுடியாதா? எழுத ஆளில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், வைத்தியர் ஒருவர் திருத்தட்டும். உங்கள் பத்தியாளருக்கும் அதையே சொல்கிறேன். அந்தக் கை இயங்காமற்போன பிள்ளையிடம் யாராவது சட்டை லேபிளைப் பற்றிக் கேட்டார்களா?

பேத்தி இப்போது பெரும்பாலான நாட்களில் படியேறுகிறாள், சில நாட்களில் முடிவதில்லை. கடிதத்தை அனுப்புமுன் அவளுக்கு வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கினேன். ‘மூன்று நாள் சாப்பிடவில்லை’ என்று நான் எழுதியிருந்ததை ‘நான்கு’ என்று திருத்தியது அவள்தான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.