தம்பிக்கு அம்மா எழுதுறது

தம்பி, நல்லா இருக்கியா, வேளைக்கு சாப்பிடுறியா. டூர் முடிஞ்சு வியாழக்கிழமை வந்து சேந்தோம். போட்டோ அனுப்புனேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, அதோட சரி. பரவால்ல, வேலை இருக்கும்.

தாஜ்மகால் எல்லாரும் சொல்ற மாதிரிதான் இருந்துச்சு. அங்கேர்ந்து சிக்கந்த்ராவுக்கு பஸ்ல கூட்டிட்டு போனாங்க, அக்பர் சமாதி. வாசல் கட்டடத்துலயே நாலு மூலைக்கும் வெள்ளை மினார், செவப்பு கல்லுல கோலம் போட்ட மாதிரி பளிங்கு பதிச்சிருக்காங்க, உள்ள பெரிய தோட்டம், மான் மேயுது. சமாதிக்கு மேல குவிமாடமே இல்ல தம்பி, அடுக்கு மேல அடுக்கா அஞ்சு நிலை, உச்சியில சுத்திலும் சல்லடை மாதிரி பளிங்கு ஜன்னல், கூரை கிடையாது, வானம்தான். அங்க ஒரே கல்லுல செதுக்குன சமாதி இருக்கு, அல்லாவோட 99 பேரும் அதுல இருக்குன்னு கைடு சொன்னாரு, மேல ஏற விடல. நெசமா பொதைச்சது கீழ. சரிவா எறங்குற இருட்டு வழியில போனா ஒரு வெறும் கல்லறை, ஒரு விளக்கு தொங்குது. உங்கப்பா அங்க நின்னவரு நகரல.

பிள்ளைக்கு தவங்கெடந்து சலீம் பொறந்ததுக்கு அக்பர் ஆக்ராவுலேர்ந்து அஜ்மீர் தர்காவுக்கு நடந்தே போனாராம். அந்த மகனே பெரியவனானதும் அலகாபாத்ல தனியா தர்பார் வச்சு அப்பனை எதுத்துட்டான். 1605ல அக்பர் போனப்புறம் இவன் ஜஹாங்கீர்னு ராஜாவாயி, தன் மகன் எதுத்து கெளம்பினதுல லாகூர் பக்கம் போயி, 1608ல அப்பன் சமாதிக்கு கால்நடையா வந்து பாத்தா கட்டுன லட்சணம் பிடிக்கலையாம், இடிச்சு திரும்ப கட்ட சொல்லி 15 லட்ச ரூபா, 1613ல முடிஞ்சுதாம். போனப்புறம் நடந்து என்னத்துக்குன்னு எனக்கு தோணுச்சு. உங்கப்பா பழனிக்கு நடந்துட்டு கால்ல கொப்புளத்தோட வந்து தொட்டில்ல கெடந்த உன்னைய எட்டிப் பாத்தது கண்ணுல வந்துச்சு. பஸ்ல பக்கத்து சீட்டு அம்மாகிட்ட உன் வேலைய பத்தி அவருதான் வாய் ஓயாம பேசுனாரு, நானில்ல. நீ ஒரு வார்த்தை கேக்கல எப்டி போயிட்டு வந்தீங்கன்னு. சரி விடு, நேரத்துக்கு சாப்பிடு.

ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. தீபாவளிக்கு நீ போன்ல அப்பாகிட்ட குடும்மான்னு கேட்டப்ப தூங்குறாருன்னு சொன்னேன்ல. தூங்கல, திண்ணையில இருந்தாரு. பழையபடி அந்த எடத்து பேச்சு வந்துருமோன்னு பயந்துட்டேன். அப்புறம் உள்ள வந்து என்னைய கேட்டானான்னாரு. இல்லன்னு சொல்லிட்டேன். அந்த சலீமுக்கு சித்தி முறை சலீமா பேகம், 1603ல அலகாபாத் வரைக்கும் போயி அவனை அப்பன்கிட்ட கூட்டியாந்துச்சாம். நான் அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடுவுல கெடுத்துட்டேன்டா.

நேத்து அவருகிட்டயும் சொல்லிட்டேன். திட்டுவாருன்னு நெனச்சேன், ஒண்ணும் பேசல. போன எடுத்து சார்ஜ் போட்டு, சத்தத்த கூட்டி வச்சுக்கிட்டாரு.