கவாத்துக்கு முன்னால் கத்தரிக்கோலைப் பார்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். கார்த்திகை பிறந்தாச்சு, மல்லிகைக் கிளைகளை வெட்டிவிட்டுக் கவாத்துப் பண்ணும் நேரம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுத்தான் வெட்டியிருக்கிறாய், சரி. ஆனால் நீ அனுப்பின படத்தில் வெட்டுவாய் நசுங்கி, பட்டை நாராய்க் கிழிந்து கிடக்கிறது. மல்லிகை புதுத்துளிரில்தான் பூக்கும். நசுங்கின குச்சி நுனியிலிருந்து கீழே காய்ந்துகொண்டே வரும். மிச்சச் செடிகளில் கை வைக்கும் முன் செடி வெட்டும் கத்தரியைச் சரிபண்ணு.

முதலில் செய்தித்தாளை வெட்டிப் பார். தாள் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கிச் சிக்கினால் நட்டு தளர்ந்திருக்கிறது, கால் சுற்று இறுக்கினால் போதும். தாள் பிய்ந்தால்தான் மழுங்கல். இதைப் பார்க்காமலே அரத்தை எடுத்து நல்ல அலகைத் தேய்த்துக் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

மழுங்கல் என்றால் நட்டைக் கழற்று. தட்டுக்குள் வைத்துக் கழற்று, ஸ்பிரிங் தெறித்து ஓடும். கறுப்பாய் அப்பியிருக்கும் செடிச்சாற்றை ஸ்பிரிட் துணியால் துடை. வெட்டும் மேலலகில் ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும். சின்ன அரத்தை அந்தச் சரிவிலேயே படியவைத்து, பிடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் தள்ளு. திரும்பும்போது தூக்கிவிடு, இழுத்தால் அரத்தின் பல் போகும். ஏழெட்டுத் தள்ளலில் மறுபக்கம் விரலுக்குப் பிசிர் நெருடும். அந்தத் தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுசாய்ப் படியவைத்து ஒரே ஒரு தேய். சாய்த்துத் தேய்த்தாயோ, அலகுக்கிடையே சந்து விழுந்து, கத்தரி அப்புறம் வெட்டாது, குச்சியை மென்று குதறத்தான் செய்யும். கொக்கி மாதிரி இருக்கும் கீழலகைத் தீட்டவே கூடாது. பூட்டும்போது மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதே. சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போச்சு.

மம்பட்டிக்கு இவ்வளவு பக்குவம் வேண்டாம். மண்ணை மரச்சிராயால் சுரண்டிக் கழுவி, வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் தடவினால் சரி. பொட்டாஷ் உரம் வைத்த அன்று மட்டும் கழுவாமல் விடாதே. அது உப்பு, ஒரே ராத்திரியில் துரு ஏறும். உரச்சாக்கில் சுற்றி வைப்பதும் அதே கேடு. களைக்கொத்தியில் ஏறின துருவுக்கு ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, இரும்பு நாரால் தேய். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்பசோடா கலந்து அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசு. காபி குடித்துவிட்டு வந்து பூசலாம் என்றால் அதற்குள் செம்மை படர்ந்துவிடும்.

மம்பட்டிக் கணை, அதுதான் மரப்பிடி, ஆடுகிறது என்றாயே, தண்ணீரில் ஊறப்போடாதே. ஊறின கட்டை இரும்பு வளையத்துக்குள் நெரிபடும், காய்ந்ததும் முன்னைவிட ஆடும். ஆணி அடித்தால் பிளக்கும். இப்போதைக்குக் காய்ந்த மரத்தில் ஆப்பு சீவி அடித்துக்கொள். வளையத்தின் உள்வாயை நூலால் அளந்து அந்த நூலையே கவரில் போட்டு அனுப்பு, ஆசாரியிடம் சொல்லி வேலங்கட்டையில் புதுக்கணை செதுக்கி வைக்கிறேன்.

அப்பா