கை வீச்சைக் கண்டவர் காம்போதியைக் காணவில்லை

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு உங்கள் கலைப் பக்கத்தில், வெள்ளவத்தையில் நடந்த இளம் பாடகி ஒருவரின் கச்சேரிக்கு விமர்சனம் வந்திருந்தது. அவர் "தனக்கென ஒரு மேடைப் பாணியை" அமைத்துக்கொண்டுவிட்டாராம். கச்சேரியை முடிக்கிற தில்லானாப் பாட்டில் வலது கையை வீசி உயர்த்திய அழகே அதற்குச் சாட்சியாம். அந்தக் கச்சேரிக்கு மைக் கட்டியவன் நான். பிள்ளையின் அம்மா பேப்பரை வெட்டி லாமினேட் பண்ணிவிட்டார். பிள்ளை எனக்குப் போன் எடுத்து, "அங்கிள், அந்தக் கை வீசினதையோ பாணி எண்டு எழுதியிருக்கினம்?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பாட்டுப் படித்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழாக்களுக்குத் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய மாமாவிடம் தொழில் பழகி, 1996இல் கொழும்புக்கு வந்தவன். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், தமிழ்ச் சங்கத்துச் சங்கரப்பிள்ளை மண்டபம் என்று எத்தனை அரங்கேற்றத்துக்கு வயர் இழுத்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் பாடுகிறவரின் வாயை முதல் வரிசையில் இருப்பவரைவிட உற்றுப் பார்ப்பவன் மைக்காரன்தான். வாய் எப்போது விலகும், எப்போது நெருங்கும் என்று தெரியாவிட்டால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் விரல் வைக்க முடியாது.

இந்தப் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கும் நான்தான் மைக். இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. பாரமான காஞ்சிபுரம், இரண்டு கையிலும் முழங்கைப் பக்கம் வரை கண்ணாடி வளையல். தாளம் போடத் தொடையில் கை விழும்போதெல்லாம் வளையல் கிலுங்க, அதை மைக் எடுத்து மண்டபம் முழுவதும் பரப்பியது. யூடியூபில் பார்த்த சென்னைப் பாடகி ஒருவரின் கை அசைவு அப்படியே. கண்ணை மூடுவதும் அவர் மாதிரி, மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையாட்டுவதும் அவர் மாதிரி. மூன்றாவது உருப்படியில் கை மைக் ஸ்டாண்டில் பட்டு 'டொம்' என்றது. அந்தச் சென்னைப் பாடகிக்குக் கை நீளம். அவருடைய மைக் தள்ளி இருந்திருக்கும்.

அடுத்த கிழமை தாயும் மகளும் என் கடைக்கு வந்து, "மேடையில எப்படி இருக்கவேணும் எண்டு சொல்லித் தாங்கோ" என்றார்கள். குருவிடம் கேட்கவேண்டியதை மைக்காரனிடம் கேட்கிறார்களே என்று எனக்குக் கூச்சம். குரு சுரத்தையும் தாளத்தையும் பார்க்கிறார். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சையில் பார்ப்பதும் அதைத்தான். பாடும்போது பிள்ளை எப்படித் தோன்றுகிறாள் என்று கடைசி வரிசையில் இருந்து பார்த்துச் சொல்ல ஒருவருமில்லை. சொல்லுகிற ஒன்றிரண்டு பேரும் "இன்னும் சிரி, இன்னும் நிமிர்ந்து இரு" என்று கூட்டத்தான் சொல்வார்கள்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அவர்களுடைய வீட்டு விறாந்தையில் பிள்ளையைப் பாடவிட்டுப் போனில் படம் எடுத்தேன். கச்சேரி மாதிரி ஒருமுறை. பிறகு, "சரி பிள்ளை, முடிஞ்சுது, தேத்தண்ணி குடி" என்று சொல்லிவிட்டுப் போனை நிறுத்தாமல் விட்டேன். அவள் தேத்தண்ணி ஆறும்வரை தன்பாட்டுக்குக் காம்போதி ராகத்தை முணுமுணுத்தாள். இரண்டையும் சத்தத்தை நிறுத்திவிட்டு அவளுக்கே போட்டுக் காட்டினேன். முதலாவதில் யாரோ ஒருத்தி. இரண்டாவதில் இடது கை மடியில் கிடக்கிறது, விரல் மட்டும் வீணைத் தந்தி மாதிரி எதையோ தடவுகிறது, தலை வலப்பக்கம் கொஞ்சம் சரிகிறது. கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் நிலத்தைப் பார்க்கிறது. ராகத்தின் ஒரு பிடி சரியாக விழுந்ததும் வாயோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "இது ஆர் பிள்ளை?" என்றேன். "அது நான் சும்மா இருக்கேக்க" என்றாள். அம்மம்மா கதவு நிலையில் நின்று, "சும்மா இருக்கேக்கதான் அவள் நல்லாப் பாடுறவள்" என்றா.

அந்தச் 'சும்மா'வை மேடைக்குக் கொண்டு போவதற்கு ஒரு வருடம் ஆனது.

முதலில் சுருதி, பாட்டு நிற்கிற ஆதார உயரம். கட்டை என்பது அதன் அளவு. அரங்கேற்றத்தில் அவள் பாடியது ஐந்தரைக் கட்டை. குருவிடம் படிக்கும் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் அதே ஐந்தரைதான். மேலே போனால் கழுத்து நரம்பு புடைக்கும், புருவம் ஏறும். அதை மறைக்கத்தான் கை வீச்சு என்று எனக்குப் பட்டது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கவாத்தியத்துக்கு வருகிற மூத்த மிருதங்கக்காரர் சொன்னார், "ஐந்துக்கு இறங்கிப் பாரும், நான் வேற மிருதங்கம் கொண்டு வாறன்" என்று. அரைக் கட்டைதான், ஆனால் முகம் மாறிவிட்டது. பாடகர் எம்.டி. ராமநாதன் என்றால் நினைவுக்கு வருவது அந்தத் தாழ்ந்த சுருதியும் ஆறுதலான நடையும். தன் குரல் நின்ற இடத்தில் நின்றே பாடினார். அவரை ஐந்தரையில் ஏற்றியிருந்தால் நமக்கு ராமநாதன் கிடைத்திருப்பாரா?

பிறகு என் பங்கு. நம் மண்டபங்களில் பாவிக்கிற ஷூர் எஸ்எம்58 மாதிரி மைக்குக்கு நேர் முன்னால் உள்ள சத்தம்தான் நன்றாகக் கேட்கும், பக்கம் குறையும், பின்னால் செவிடு மாதிரி. நாலு விரல் தூரத்தில் இருந்து எட்டு விரலுக்குப் போனால் ஆறு டெசிபல் இறங்கிவிடும். மிகக் கிட்ட வந்தால் அடிக்குரல் கொழுத்துக் கேட்கும். ஆகவே மைக்காரர்கள் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது, "தலையை ஆட்டாதேங்கோ." நானும் இருபது வருடம் அதைத்தான் சொன்னேன். இவளுக்கு அப்படிச் சொல்லவில்லை. தலை வலப்பக்கம் சரிவது அவளுடைய இயல்பு என்றால் மைக்கை நடுவில் வைப்பானேன்? ஸ்டாண்டை வலப்பக்கமாக இரண்டங்குலம் தள்ளி, கொஞ்சம் கீழே இறக்கி, ஒரு சாண் தூரத்தில் மேல் நோக்கி வைத்தேன். சரிந்தாலும் நிமிர்ந்தாலும் குரல் விழவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகளை மரக்கட்டை மாதிரி இருக்க வைத்தேனோ.

வலது கையில் வளையல் இல்லை. காஞ்சிபுரம் போய் அம்மம்மாவின் பழைய மணிப்புரிச் சேலை வந்தது. மெத்தென்று இருப்பதால் சம்மணமிட்டு இரண்டு மணித்தியாலம் இருக்க இலகு. அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல்தான். "வீடியோவில எடுக்குமோ?" என்று ஐந்தாறு தரம் கேட்டார்.

சேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்த நீலத்துக்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பெயர் வந்தது. கடையில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். குன்னக்குடி வைத்தியநாதன் நெற்றி நிறைய விபூதி பூசி, வயலினோடு சேர்ந்து முகத்தாலும் வாசித்தவர். தோடி ராகத்துக்குப் பேர்போன நாதஸ்வரக்காரர் ராஜரத்தினம்பிள்ளை குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்து, ஷெர்வானி போட்டு மேடை ஏறினார். "ஷெர்வானியைக் கன பேர் தைச்சுப் போட்டவை, தோடியைத் தைக்கத்தான் தையற்காரன் இல்லை" என்பார் மாமா.

உங்கள் விமர்சகர் கவனிக்காமல் விட்டது இதுதான். அன்றைக்குக் காம்போதி தொடங்குமுன் அவள் அறிவிப்பாளருக்குக் காத்திருக்கவில்லை. மைக்கில் தானே, நம்முடைய தமிழில், "அடுத்தது காம்போதி. எனக்குச் சின்னனில இருந்து பயமான ராகம். அதாலதான் எடுத்தனான்" என்றாள். சனம் சிரித்தது. சென்னைத் தமிழில் பாடமாக்கிய அரங்கேற்றப் பேச்சுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு நிலத்தைப் பார்த்தபடி, இடது கை மடியில், மிக மெல்லத் தொடங்கினாள். நான் சத்தத்தைக் கூட்டவில்லை. கூட்டினால் மின்விசிறிச் சத்தமும் வரும் என்பது ஒன்று; சனம் தானாக அமைதியாகிக்கொண்டிருந்தது மற்றது. காலி வீதி பஸ் ஹோர்ன்கூட அப்போது கேட்டது. ஏழெட்டு நிமிடம். அது அவளுடையது.

தில்லானாவின் கை வீச்சு அவளுடையது அல்ல. பிரதம விருந்தினர் பிந்தி வந்து, நடுவில் பொன்னாடையும் மூன்று பேச்சும் புகுந்து நாற்பது நிமிடம் போய்விட்டது. "கெதியா முடியுங்கோ" என்று துண்டுச் சீட்டு வந்தது. பதற்றத்தில் பழைய கை திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான். இம்முறை ஸ்டாண்டில் படவில்லை. நான் தள்ளி வைத்திருந்தேன்.

அமைப்பாளர்களுக்கு ஒரு கோரிக்கை. கச்சேரி ஆறு மணிக்கு என்றால், நாலரைக்கு மேடையைப் பாடுகிறவருக்குத் திறந்து விடுங்கள். பூ அலங்காரக்காரருக்கும் பதாகை கட்டுகிறவருக்கும் கிடைக்கிற நேரத்தில் பாதி போதும். பொன்னாடையைக் கடைசிக்கு வையுங்கள். குருமாருக்கு நான் சொல்லக்கூடாது. ஆனாலும் ஒரேயொரு உருப்படியையாவது பிள்ளை தானே தெரிவு செய்யட்டும். எதற்கு அதை எடுத்தாள் என்று சொல்லத் தெரிந்தால் மேடையில் பேசவும் தெரியும்.

உங்களிடம் கேட்பது இது. "சபையோரைக் கட்டிப்போட்டார்", "தேனிசை பொழிந்தார்" என்பதெல்லாம் வேண்டாம். கண்ணால் கண்ட ஒன்றை எழுதினால் பிள்ளைகளுக்கு அது கண்ணாடி. இந்த விமர்சனத்தைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள் கை வீசப் பழகுவார்கள் என்பதுதான் என் பயம்.

அவளுடைய அடுத்த கச்சேரி நவராத்திரிக்கு. உங்கள் விமர்சகருக்கு முன்வரிசை வேண்டாம். என் மிக்சருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை ஒன்று போட்டு வைக்கிறேன். மின்விசிறிக் காற்று மட்டும் அங்கே எட்டாது.

இப்படிக்கு,
ஒலிபெருக்கிக்காரன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.