பாலத்தில் வாசித்தவர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. அக்கா வளைகாப்புப் படங்களை அனுப்பினாளே, பார்த்தாயா? நேரத்துக்குச் சாப்பிடு.

நீ விட்டுப்போன இசைத்தட்டுகளில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர் சன்னி ரோலின்ஸின் 'தி பிரிட்ஜ்' (பாலம்) ஆல்பத்தைத்தான் தினமும் போட்டுக் கேட்கிறேன். டெனர் சாக்ஸபோன், கிட்டார், பாஸ், டிரம்ஸ், நாலே பேர். பியானோ கிடையாது. அந்த இடத்தில் ஜிம் ஹாலின் கிட்டார். ரோலின்ஸ் வாசிக்கும்போது குறுக்கே விழாமல், வேண்டிய இடத்தில் லேசாகத் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நீ அன்றைக்கு இதைச் சொன்னபோது எனக்குப் பிடிபடவில்லை. இப்போது காது பழகிவிட்டது.

உனக்குத் தெரியாத கதையில்லை. 1959-இல் பேரும் புகழுமாக இருந்த ரோலின்ஸ், தன் வாசிப்பில் தனக்கே திருப்தியில்லை என்று கச்சேரிகளை நிறுத்திவிட்டார். அப்போது வயது 28, உன் வயதுதான். நியூயார்க்கில் அவருடைய கிராண்ட் தெரு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்குத் தொந்தரவாகுமே என்று வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனார். பக்கத்தில் ரயில் தடதடக்கும், கீழே ஈஸ்ட் ஆறு. அந்தக் குளிரிலும் நின்று வாசித்தார். 1961 கடைசியில் மறுபடி மேடையேறி, 1962-இல் இந்த ஆல்பத்தைக் கொடுத்தார். ஆளே மாறி வருவார் என்று காத்திருந்த விமர்சகர்கள் சிலருக்கு ஏமாற்றமாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'தி பிரிட்ஜ்' பாட்டில் அந்த ஓட்டத்திலும் மூச்சு எவ்வளவு நிதானமாக இருக்கிறது!

கச்சேரியைத்தான் நிறுத்தினார், வாத்தியத்தைக் கீழே வைக்கவில்லை.

நீ குழுவை விட்டு விலகியதை அத்தை மகன் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சரி, விடு. தஞ்சாவூர்க் கல்யாணத்தில் நீ வாசித்து முடித்ததும் நாதஸ்வரக்காரர் எழுந்து வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாரே, அதை இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அப்படிப்பட்ட கை, ஒரு போன் எடுக்கக் கூடாதா?

அப்புறம், சாக்ஸபோன் பெட்டியை உன் அறையில் காணவில்லை என்றும் அவன் சொன்னான். ரிப்பேருக்குக் கொடுத்திருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. வாடகைக்குக் கஷ்டமென்றால் ஒரு வார்த்தை சொல், இங்கிருந்து அனுப்புகிறேன். அதை மட்டும் விற்றுவிடாதே தம்பி. விற்றிருந்தாலும் யாரிடம் என்று சொல், திருப்பி வாங்கிவிடலாம்.

அப்பா